குறைந்த செலவில் படுக்கையறை அலங்காரம் (ஆரணி)

குறைந்த செலவில் படுக்கையறை அலங்காரம் என்பது, புதுப் பொருள்களை வாங்கிக் குவிக்காமல், வீட்டிலுள்ள துணி, சுண்ணாம்பு, பாய், விளக்கு ஆகியவற்றைக் கொண்டே உறங்கும் அறையை அழகாகவும் வசதியாகவும் அமைத்துக்கொள்ளும் முறையாகும். திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் அமைந்துள்ள பட்டு நெசவு நகரமான ஆரணி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்குள்ள நெசவாளர் வீடுகள் பலவற்றில் தனிப் படுக்கையறை கிடையாது. பகலில் தறி ஓடும் கூடத்தின் ஓரத்திலேயே இரவில் பாய் விரிக்கப்படுகிறது. எனவே, அலங்காரம் இடத்தை அடைக்கவும் கூடாது. தறியிலுள்ள பாவுக்குக் கேடு செய்யவும் கூடாது.

சுவர்

சிறிய அறையைப் பெரிதாகக் காட்டுவது வெள்ளைச் சுவரே. பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் பழைய வழக்கம் இன்றும் மிக மலிவான அலங்காரம்தான். நீர்த்த சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, சிறிது பசையும் சில துளி நீலமும் கலந்து, மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூச வேண்டும். ஒரே பூச்சாகத் தடித்து அடித்தால் உதிர்ந்து படுக்கையெல்லாம் வெள்ளையாகும். எமல்ஷன் பூசிய சுவரில் சுண்ணாம்பு சரியாகப் பிடிக்காது. சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. கண்ணுக்கும் பட்டு நூலுக்கும் ஆகாது. ஆகையால் தறி உள்ள அறையில், நெய்த பாவை அறுத்து இறக்கிய பிறகு, அடுத்த பாவை ஏற்றுவதற்கு முன் உள்ள இடைவெளியில் வெள்ளையடிப்பதே முறை.

பழைய பட்டுப் புடவை

புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு, அவ்வூர் வீடுகளில் பெட்டிக்குள் பழையதாகிக் கிடப்பதும் உண்டு. அதைத் திரையாகவோ தலையணை உறையாகவோ மாற்றலாம். ஆனால் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் சரிகையைப் பார்க்க வேண்டும். அசல் சரிகை, பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசிச் செய்யப்படுவது. அதிலுள்ள வெள்ளிக்காகவே பழைய புடவைகளை விலைக்கு எடுக்கும் வியாபாரிகள் உள்ளனர். ஓர் இழையைப் பிரித்துச் சுரண்டினால் வெண்மை தெரிவது வெள்ளிக்கும், செம்பு நிறம் தெரிவது போலிச் சரிகைக்கும் அடையாளம். இது தோராயமான சோதனையே. இரண்டு கடைகளிலாவது விலை கேட்காமல் அசல் சரிகைப் புடவையை வெட்டுவது, சிக்கனம் என்ற பெயரில் செய்யும் வீண்செலவு.

சரிகை போலியானால் தயங்க வேண்டியதில்லை. ஏறக்குறைய 5.5 மீட்டர் நீளமுள்ள புடவையிலிருந்து, 2.1 மீட்டர் உயரக் கதவுக்கு மடிப்புத் தையலுக்கும் சேர்த்து 2.2 மீட்டர் வீதம் இரண்டு திரைகள் வெட்டலாம். மீதமாகும் 1.1 மீட்டரில் முந்தானை வரும்படி வெட்டினால், அது தலையணை உறைக்கு உதவும். வெயில் நேரே படும் சன்னலில் பட்டை மட்டும் தொங்கவிட்டால் நிறம் மங்கி இழை இற்றுப்போகும். உட்புறம் பருத்தித் துணியைச் சேர்த்துத் தைக்க வேண்டும். பழைய வேட்டியே போதும்.

மடிப்பில் ஏற்கெனவே விட்டுப்போன புடவை திரைக்குத் தாங்காது. அதன் முந்தானையில் நல்ல பகுதியைப் பருத்தித் துணியின் மேல் ஓரத்தையல் போட்டுச் சட்டமிட்டு மாட்டலாம். பசை தடவினால் கறை படியும். பருத்திப் புடவைகளோ அடுக்கித் தைத்துப் போர்வையாக்க ஏற்றவை; வங்காளத்தின் காந்தா போர்வை இப்படிப் பிறந்ததே.

தரையும் விளக்கும்

பகலில் சுருட்டி வைக்கக்கூடிய கோரைப்பாயும் ஜமக்காளமும் கட்டிலைவிட இவ்வகை வீட்டுக்குப் பொருத்தமானவை. பத்தமடைப் பாயும் பவானி ஜமக்காளமும் பெயர் பெற்றவை என்றாலும், சாதாரணக் கோரைப்பாயே போதுமானது. மழைக்காலத்தில் பாய் பூசணம் பிடிக்காமலிருக்க அவ்வப்போது வெயிலில் காயவைக்க வேண்டும்.

விளக்குக்கு நெசவிலிருந்தே ஒரு பொருள் கிடைக்கிறது. புடவைக் கரையின் பூவேலைக்குத் துளையிட்ட அட்டைகளைப் பயன்படுத்தும் ஜக்கார்டு கருவி, 1804 ஆம் ஆண்டளவில் பிரான்சின் லியோன் நகர நெசவுத் தொழிலுக்காக உருவாக்கப்பட்டது. வடிவம் மாறியதும் ஒதுக்கப்படும் அட்டைகளை வட்டமாகக் கோத்து விளக்கு மூடியாக்கினால், துளைகளின் வழியே வெளிச்சம் புள்ளி புள்ளியாகச் சுவரில் விழும். அட்டை எரியக்கூடியது. ஆகவே குறைந்த வாட் எல்.இ.டி. விளக்கை மட்டும், அட்டையில் படாமல், பொருத்த வேண்டும். அதே வடிவம் மறுபடி நெய்யப்படலாம் என்பதால், அட்டையை எடுப்பதற்கு முன் தறிக்காரரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.