சந்தைக்குப் போக ஒரு கார்
(தொடர் – 6)

2022 யூலையில் எரிபொருள் அட்டை வந்தபோது ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று அளந்து ஊற்றினார்கள். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருகோணமலையும் வரிசையில் நின்றது. தாங்கி நம்மூரில் இருந்தென்ன, எண்ணெய் கப்பலில் வரவேண்டும். கப்பலுக்கு டொலர் வேண்டும். எண்ணெயை விட்டு மின்காருக்கு மாறுவதென்றால், முதலில் இங்கே அன்புவழிபுரத்தில் ஒரு குடும்பத்தின் நாளாந்த ஓட்டத்தை எண்ணிப் பாருங்கள்: பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி, எப்போதாவது கன்னியா வெந்நீர்க் கிணறு. எல்லாம் சேர்ந்தாலும் இருபது, இருபத்தைந்து கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். இதற்கு ஐம்பது, அறுபது அலகு மின்சாரம் கொள்ளும் பற்றரியைச் சுமந்து திரிவது, கொத்தமல்லி வாங்க லொறி பிடிப்பதுபோல.

பெங்களூரில் சேத்தன் மைனியின் நிறுவனம் 2001இல் விற்பனைக்கு விட்ட ரேவா இந்தக் கணக்கில் பிறந்த வண்டி. முன்னால் பெரியவர் இருவர், பின்னால் பிள்ளைகள் இருவர்; எட்டு ஈய அமிலப் பற்றரிகளில் சுமார் பத்து அலகு; ஒருமுறை ஏற்றினால் ஏறக்குறைய 80 கிலோமீற்றர். வீட்டுப் பிளக்கே போதும். இரும்புச் சட்டத்தின்மேல் பிளாஸ்டிக் உடல். உப்புக்காற்றில் தகரக் கதவு உதிர்வதைக் கண்ட துறைமுக ஊராருக்கு அதன் அருமை தெரியும். லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் அது ஓரளவு ஓடியது; இந்தியாவில் எடுபடவில்லை. 2010இல் மஹிந்திரா வாங்கியது. பின்வந்த இ2ஓ-வும் 2019இல் நின்றது. ஊருக்குள் ஓடப் பிறந்ததை ஊர்விட்டு ஊர் போகும் பெற்றோல் காரோடு வைத்து விலை பேசினார்கள், அதுதான் காரணம் என்பேன். சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டிய ஈயப் பற்றரியும் சேர்ந்து கழுத்தறுத்தது. இன்றைய லித்தியம் பற்றரி அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்துவிட்டது.

பாதுகாப்பு? 2007இல் ஒரு பிரித்தானிய கார் சஞ்சிகை ரேவாவை மணிக்கு 64 கிலோமீற்றரில் மோதவிட்டு, உள்ளிருப்போர் பாடு மோசம் என்று காட்டியது. மறுக்கவில்லை. ஆனால் 40இல் மோதும் வண்டியின் இயக்கச் சக்தி, 64இல் மோதுவதில் ஐந்தில் இரண்டு பங்குதான். அமெரிக்கா 1998இல் இத்தகைய வண்டிகளைத் தனி வகுப்பாக்கி, வேகத்தை ஏறக்குறைய 40 கிலோமீற்றரில் கட்டியது அதனால்தான். கண்டி வீதியில் பஸ்ஸோடு போட்டிபோட அதை விடக்கூடாது. ஒழுங்கைகளிலோ அதற்குப் போட்டி, கதவில்லாத ஓட்டோவும் மூன்று பேர் ஏறிய மோட்டார் சைக்கிளும்தான். 13 மணிநேர மின்வெட்டைக் கண்டவர்கள் கரண்டுக்கு எங்கே போவது என்பார்கள். அதே நாட்டில்தான் 2025 சித்திரைப் புத்தாண்டில், பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது, கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபை கேட்டது. காலையில் பிள்ளையை இறக்கிவிட்டு வந்து மத்தியானம் முற்றத்தில் சும்மா நிற்கும் கார், அந்த மிச்சத்தைக் குடிக்கத் தோதான பாத்திரம்.

இங்கே மின்காரின் தீர்வை மோட்டரின் கிலோவாற்றைப் பார்த்தே விதிக்கப்படுகிறது. சின்ன மோட்டருக்கு அது சாதகம். வேகவரம்பும் ஓடும் வீதிகளும் வரையறுத்த ஒரு தனி வகுப்பை மோட்டார் வாகனச் சட்டத்தில் எழுதட்டும். அடுத்த எரிபொருள் வரிசைக்கு முன்னர் எழுதினால் நல்லது.