முப்பத்தாறு வயதில் நீச்சல்

அலுவிகாரையில் கடல் இல்லை. திரிபிடகம் எழுத்தில் பதிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் குகை விகாரையும், அதன் வாசலால் போகும் ஏ-9 வீதியும்தான் இந்த ஊரின் அடையாளம். "இங்க இருந்துக்கிட்டு ஒனக்கு எதுக்கு நீச்சல்?" என்று அம்மா கேட்டதில் பிழையில்லை.

காரணம் ஓர் அக்கா. முல்லைத்தீவிலிருந்து அதே வீதியால் இங்கு வந்து சேர்ந்தவர். அவருடைய சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன். 2009இல் நந்திக்கடலைக் கழுத்தளவுத் தண்ணீரில், கைக்குழந்தையைத் தலைக்கு மேலே பிடித்தபடி கடந்தவர். கூட வந்த எல்லோரும் கரையேறவில்லை. அந்த மகன் இன்று இளைஞன். நண்பர்களோடு ஆற்றுக்குப் போக அவனை விடமாட்டார். தானும் வாளித் தண்ணீரில்தான் குளிப்பார்.

போகும்போதெல்லாம் "பயப்படாதீங்க அக்கா" என்பேன். ஒருநாள் திருப்பிக் கேட்டார்: "தங்கச்சி, உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?"

தெரியாது. சின்ன வயதில் அண்ணன்மார் ஆற்றில் குதித்தார்கள். நான் கரையில் அவர்களுடைய சட்டைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வயதுக்கு வந்தபின் அந்தக் கரையும் இல்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இதற்குப் பெரிய பெயர்கள் எல்லாம் எழுதிப் புள்ளி வாங்கினேன். ஆனால் தண்ணீரில் கால் வைக்கவில்லை.

இது சிறிய விடயம் அல்ல, சகோதரிகளே. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், 2005 மார்ச்சில் ஒக்ஸ்பாம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக இறந்தார்கள் என்றது. இலங்கையில் நீந்தவும் மரமேறவும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்குவதை ஒரு காரணமாகக் காட்டியது. பெண்களின் கைகளில் பிள்ளைகளும் இருந்தார்கள். (நீச்சல் தெரிந்தாலும் சுனாமி அலையோடு மல்லுக்கட்ட முடியாது, மேட்டுக்குத்தான் ஓடவேண்டும்.) அந்த அழிவுக்குப் பிறகுதான் தென்கரையில் வெலிகமைப் பக்கம் கிறிஸ்டினா ஃபொன்ஃபே என்ற பிரித்தானியப் பெண்மணி, பெண்களுக்கு இலவசமாக நீச்சல் பழக்கத் தொடங்கினார்.

நான் போனது கண்டியில் ஒரு தடாகத்துக்கு. சனிக்கிழமை காலையில் பெண்களுக்கு மட்டும். பழக்குபவரும் பெண்தான். பருத்திச் சல்வார் தண்ணீரைக் குடித்துப் பாரமாகும் என்றபடியால், உடலை மூடிய நீச்சல் உடை ஒன்றை இரவல் வாங்கினேன். நெஞ்சளவுத் தண்ணீர்தான். ஆனாலும் விளிம்பைப் பிடித்த கை விடவே இல்லை. முகத்தை உள்ளே வைத்ததும் மூச்சை அடக்கினேன். நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. எழும்பி, எல்லோருக்கும் முன்னால் அழுதுவிட்டேன். எத்தனை பேரிடம் "பயப்படாதீங்க" என்று சொல்லியிருப்பேன் என்று அப்போது வெட்கமாக இருந்தது.

டீச்சர் கையைக் காலை அடிக்கச் சொல்லவே இல்லை. முதல் இரண்டு கிழமையும் ஒரே வேலைதான். தண்ணீருக்குள் வாயால் குமிழி விடவேண்டும், மேலே வந்து மூச்சு எடுக்கவேண்டும். மூச்சை அடக்குவதால்தான் பதற்றம் கூடுகிறதாம். பிறகு மல்லாந்து மிதத்தல். நுரையீரலில் காற்று இருக்கும்வரை உடம்பு பெரும்பாலும் தானாகவே மிதக்கும். பயந்து தலையைத் தூக்கினால் கால் தாழும். ஆகவே காது தண்ணீருக்குள் போகுமட்டும் தலையைச் சாய்க்கவேண்டும். இதை நம்ப எனக்கு ஐந்து சனிக்கிழமை பிடித்தது. ஐந்தாவது நாள், டீச்சர் என் முதுகுக்குக் கீழிருந்து கையை எப்போது எடுத்தார் என்றே தெரியவில்லை.

இப்போது தடாகத்தின் அகலத்தை ஒருவாறு நீந்துகிறேன். அழகாக இல்லை. பஸ் செலவும் கட்டணமும் கைக்கு எட்டாத பெண்கள் எங்கள் பகுதியில் நிறையப் பேர் என்பதும் தெரியும்.

அழுத கதையையும் சேர்த்து அக்காவிடம் சொன்னேன். சிரித்தார். போன மாதம் என்னோடு ஒருநாள் வந்தார். உள்ளே இறங்கவில்லை. விளிம்பில் இருந்து, கணுக்கால் வரை தண்ணீரில் விட்டபடி ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது, பஸ் மாத்தளையைத் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார். அவர் தையல்காரி.

"அந்த உடுப்பு என்ன துணி, தங்கச்சி? எங்கட மெசினில தைக்கேலுமோ?"