ஞாயிறும் புவியின் தட்பவெப்பமும்



உலகின் உயிர்கள் யாவும் ஞாயிற்றை நம்பியே வாழ்கின்றன. பயிர் வளர்வதும், காற்று வீசுவதும், கடல்நீர் ஆவியாகி மழையாய்ப் பொழிவதும் அதன் ஆற்றலாலேயே ஆகும். வெயில் கடுமையாகும் காலங்களில், "சூரியனுக்கே சூடு ஏறிவிட்டது" என்று சிலர் கூறக் கேட்டிருப்பீர்கள். அஃது உண்மைதானா? ஞாயிற்றின் ஆற்றல் கூடிக் குறைவதுண்டா? அதனால் பூமியின் தட்பவெப்பநிலை மாறுமா? இவ்வினாக்களுக்கு அறிவியலார் கண்ட விடைகளை இங்குக் காண்போம்.

ஞாயிற்றின் கரும்புள்ளிகள்

ஞாயிற்றின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ் வெப்பமுடையது. அதில் ஆங்காங்கே கரும்புள்ளிகள் தோன்றி மறைகின்றன. காந்த விசை மிகுந்த அவ்விடங்களில், உள்ளிருந்து மேலெழும் வெப்பம் தடைப்படுகிறது. ஆகவே அவை சுற்றுப்புறத்தைவிட வெப்பம் குறைந்து கருமையாகத் தெரிகின்றன. புள்ளிகள் என்று பெயர் பெற்றாலும், அவற்றுட் சில நம் பூமியைவிடப் பெரியவை.

செருமனி நாட்டில் மருந்தாளராக இருந்த ஹைன்ரிச் சுவாபே என்பார், புதன் கோளுக்கும் அப்பால் ஞாயிற்றின் அருகே வேறொரு கோள் இருக்கக்கூடுமென எண்ணினார். அதனைத் தேடி, 1826ஆம் ஆண்டு முதல் வானம் தெளிந்த நாள்தோறும் ஞாயிற்றை ஆராய்ந்து, புள்ளிகளை எண்ணிக் குறித்து வைத்தார். தேடிய கோள் கிட்டவில்லை. ஆயினும், 17 ஆண்டுக் குறிப்புகளை ஒப்புநோக்கியபோது, அப்புள்ளிகள் ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதைக் கண்டார். பின்வந்தோர் அச்சுழற்சியின் சராசரிக் காலம் 11 ஆண்டுகள் என வரையறுத்தனர்.

மாற்றம் எவ்வளவு?

கரும்புள்ளிகள் பெருகினால் ஞாயிறு மங்க வேண்டுமன்றோ என நீங்கள் வினவலாம். நிகழ்வதோ அதற்கு மாறானது. புள்ளிகள் மிகும்போது அவற்றைச் சூழ்ந்து பேரொளித் திட்டுகளும் மிகுகின்றன. அதனால் ஞாயிறு சற்றே கூடுதலாக ஒளிர்கிறது. 1978ஆம் ஆண்டு முதல் செயற்கைக்கோள்கள் இதனை இடையறாது அளந்து வருகின்றன. ஒரு சுழற்சிக்குள் ஏற்படும் ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒரு பங்கேயாம். ஆயிரம் வெள்ளி ஊதியத்தில் ஒரு வெள்ளி கூடிக் குறைவதற்கு இஃது ஒப்பாகும். இதனால் பூமியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.1 பாகை அளவே மாறுகிறது.

குளிர்ந்த நூற்றாண்டுகள்

1645 முதல் 1715 வரை ஞாயிற்றில் கரும்புள்ளிகள் மிக அரிதாகவே காணப்பட்டன. அக்காலத்தில் ஐரோப்பாவில் கடுங்குளிர் நிலவியது. 1683ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில் இலண்டன் மாநகரின் தேம்சு ஆறு உறைந்து, அதன்மேல் கடைகள் அமைத்துச் சந்தையே நடத்தினர். ஞாயிற்றின் தளர்ச்சி அக்குளிருக்கு ஒரு காரணமாகலாம். ஆனால் அதுவே முழுக் காரணமன்று. அந்தக் குளிர்ச்சி புள்ளிகள் குறைவதற்கு நெடுங்காலம் முன்னரே தொடங்கிவிட்டது. எரிமலைகள் வெடித்து வானில் பரப்பிய மாசும் ஞாயிற்றொளியைத் தடுத்தது. இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815இல் வெடித்ததன் பயனாய், மறு ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடை பொய்த்துப் பயிர்கள் அழிந்தமை இதற்குச் சான்று.

இன்றைய வெப்பத்திற்குக் காரணம் யாது?

1980களுக்குப் பின் ஞாயிற்றின் ஆற்றல் உயரவில்லை. சற்றுக் குறைந்தே உள்ளது. 2014இல் உச்சமடைந்த சுழற்சி, அதற்கு முந்திய நூறாண்டுகளில் மிகவும் வலுக்குன்றிய ஒன்று. அவ்வாறிருந்தும், 2015 முதல் 2024 வரையிலான பத்தாண்டுகளே அளவீடுகள் தொடங்கிய காலந்தொட்டு மிகுந்த வெப்பமுடையனவாய்ப் பதிவாயின.

மற்றொரு சான்றும் உண்டு. ஞாயிறே காரணமெனில் வளிமண்டலத்தின் கீழ்ப்பகுதியும் மேற்பகுதியும் ஒருங்கே சூடேற வேண்டும். அளந்து பார்த்தால், கீழ்ப்பகுதி சூடேற, மேற்பகுதி குளிர்ந்து வருகிறது. போர்வை உடற்சூட்டை வெளியே விடாது காப்பதுபோல், கரியமில வாயு தரையிலிருந்து எழும் வெப்பத்தைத் தடுத்துத் தேக்குவதே இதற்குக் காரணம். தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சம் பங்கு காற்றில் 280 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கினைக் கடந்துவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாமே அதனைப் பெருக்கினோம்.

மாணவச் செல்வங்களே! ஞாயிற்றின் போக்கை மாற்றுதல் நம்மால் இயலாது. ஆனால் நம் செயல்களை மாற்றிக்கொள்ள இயலும். ஆதலின், குறையை ஞாயிற்றின்மேல் ஏற்றிவிட்டு வாளாவிருத்தல் தகாது. செய்தி எதனைக் கேட்பினும் அளந்தறிந்து முடிவுகாணும் வழக்கத்தை இளமையிலேயே மேற்கொள்ளுங்கள். வெறுங்கண்ணால் ஞாயிற்றை ஒருபோதும் நோக்கலாகாது, தொலைநோக்கியை அதன்பால் திருப்பவே கூடாது, பார்வை பறிபோகும். அதற்கு மாறாக, பள்ளித் தோட்டத்தில் ஒரு மழைமானியையும் வெப்பமானியையும் வைத்து, நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். சுவாபே செய்ததும் அதுபோன்ற எளிய பணியே. அதனை அவர் 17 ஆண்டுகள் சோர்வின்றிச் செய்தார்.