நன்னீரில் உப்பேறினால்...



கறிக்கு உப்புக் குறைந்தால் சுவையில்லை. கூடினால் வாயில் வைக்க முடியாது. ஆறு, குளங்களில் வாழும் உயிர்களுக்கும் இப்படி ஓர் அளவு உண்டு. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நன்னீரில் இருப்பதோ அரைக் கிராமுக்கும் குறைவு.

மீனுக்கு என்ன நடக்கிறது?

கருவாட்டுக்கு உப்பிட்டதும் மீனிலிருந்து நீர் வடிவதைப் பார்த்திருப்பீர்கள். நன்னீர் மீனின் இரத்தம், அது வாழும் நீரைவிட உப்பானது. அதனால் செவுள் வழியே உள்ளே புகும் நீரை ஓயாமல் சிறுநீராக வெளியேற்றியே அது உயிர் வாழ்கிறது. வெளிநீர் இரத்தத்தைவிட உப்பாகிவிட்டால் நிலைமை தலைகீழாகும். உடலின் நீர் வெளியே வடியத் தொடங்கும். திலாப்பியா போன்ற சில மீன்கள் ஓரளவு தாங்கும். பல மீன்கள் தாங்கமாட்டா. தவளை முட்டைகளும் குஞ்சுகளும் இன்னும் மென்மையானவை.

கடுகளவேயான நீர்த்தெள்ளு என்ற சிற்றுயிர் பாசியைத் தின்று நீரைத் தெளிவாக வைத்திருக்கிறது. உப்பேறி அது குறைந்தால் பாசி பெருகும்.

போலந்து, ஜேர்மனி எல்லையில் ஓடும் ஓடர் ஆற்றில் 2022 ஆம் ஆண்டு கோடையில் ஏறத்தாழ 360 தொன் மீன்கள் செத்து மிதந்தன. சுரங்கங்களும் தொழிற்சாலைகளும் விட்ட உப்புக் கழிவு, வெயிலால் வற்றிய ஆற்றில் செறிந்தது. உவர்நீரில் வளரும் நச்சுப் பாசி அங்கே பெருகி, மீன்களின் செவுள்களைச் சிதைத்தது.

நமது நாட்டில்...

கொழும்புக்குக் குடிநீர் தரும் களனி கங்கையில் வரட்சிக் காலத்தில் கடல்நீர் ஏறுகிறது. மணல் அகழ்வால் ஆற்றின் அடித்தளம் தாழ்ந்ததும் இதற்கொரு காரணம். அதைத் தடுக்க அம்பத்தளையில் மணல் மூட்டைகளை அடுக்கி அணை கட்ட வேண்டியிருந்தது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த கடற்கோளை கிழக்குக் கரைச் சகோதரிகள் மறக்கமாட்டார்கள். கிணறுகள் உவர்ந்தன. அளவுமீறி இறைத்த கிணறுகளில் அடியிலிருந்த உப்புநீர் மேலே ஏறியது. நிலத்தடியின் உப்பைக் கழுவ மழையே வரவேண்டியிருந்தது.

நீங்கள் செய்யக்கூடியவை

கடலோரக் கிணறுகளில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. எனவே மோட்டாரை நெடுநேரம் ஓடவிடாதீர்கள். சிறிது இறைத்து, ஊற விட்டு, மீண்டும் இறையுங்கள். முற்றம் முழுவதையும் சீமெந்தால் மூடாமல் மழைநீர் மண்ணில் இறங்க இடம் விடுங்கள்.

இன்னொன்று: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்புப் போகாது. நீர் ஆவியாவதால் உப்பு சற்றுக் கூடவே செய்யும். தண்ணீர் கரித்தால், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதைக் குடிக்கக் கொடுக்காதீர்கள்.