எண்ணித் தைத்த துணியும் எண்ணாமல் விற்ற போர்வையும்



போன ஜனவரியில் நம் கூட்டமைப்பிலிருந்து 32 பேர் இரண்டு வேன்களில் ஊட்டிக்குப் பட்டறிவுப் பயணம் போய் வந்தது உங்களுக்குத் தெரியும். "பயணம்னு பேரு சொல்லிட்டு ஊர் சுத்திட்டு வந்திருக்காங்க" என்று சில ஊர்களில் பேச்சு வந்ததும் என் காதுக்கு வந்தது. ஊர் சுற்றினோம், உண்மைதான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? வந்தவர்களில் பாதிப் பேர் கல்யாணம், சாவு தவிர வேறு காரணத்துக்கு வெளியூர் போனதே இல்லை. பூவையும் மலையையும் பார்க்க நமக்கும் கண் இருக்கிறதே!

ஆனால் அந்தப் பயணத்தில் ஒரு போர்வை விற்றது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

குளிர் தாங்காது என்று தெரிந்து பலரும் வீட்டில் தைத்த சேலைப் போர்வையைக் கொண்டு வந்திருந்தார்கள். பழைய நூல் சேலை நான்கைந்தை அடுக்கி, அடியில் கெட்டித் துணி கொடுத்து, விளிம்பு முதல் நடு வரை ஓட்டுத் தையல் போடுவோமே, அதுதான். பிள்ளை பிறந்த வீட்டில் இது இல்லாமல் இருக்காது. நாம் இதைக் கைத்தொழில் என்று நினைப்பதில்லை, 'கிழிசலை வீணாக்காம தெச்சது' என்கிறோம். வங்காளத்துப் பெண்கள் இதே வேலையைக் 'காந்தா' என்கிறார்கள். பழைய சேலைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைப்பது அவர்கள் வழக்கம். அதில் படம் வரும்படி தைக்கும் 'நக்ஷி காந்தா'வுக்கு மேற்கு வங்கம் 2008இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. கர்நாடகத்தில் இதற்குக் 'கவுதி' என்று பெயர்.

ஊட்டி அரசுத் தாவரவியல் பூங்கா 1848இல் தொடங்கியது. சுமார் 55 ஏக்கர் சரிவு நிலம். புல்வெளியில் நம் சகோதரிகள் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே வந்த ஒரு வெளியூர்க் குடும்பம், "இதை எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று கேட்டது. "கடையா? நான் தெச்சதுங்க" என்றார் நம் சகோதரி. விலை கேட்டார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான்தான் "650 சொல்லுங்க" என்றேன். பேரம் பேசாமல் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் கைதட்டினோம். பேரம் பேசாமல் கொடுத்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு பூங்காவின் மேல்பக்கம் இருக்கும் தோடர் மந்துக்கு ஏறினோம். மந்து என்றால் அவர்கள் குடியிருப்பு. 2011 கணக்கெடுப்புப்படி தோடர்கள் மொத்தமே சுமார் இரண்டாயிரம் பேர்தான். அது வேடிக்கை பார்க்கும் இடமல்ல, மக்கள் வாழும் ஊர். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, கோயில் பக்கம் போகக் கூடாது என்று வேனிலேயே சொல்லியிருந்தேன். அங்கே ஒரு அம்மா திண்ணையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்.

தோடர் எம்ப்ராய்டரி பெண்கள் மட்டுமே செய்யும் வேலை. சிவப்பும் கறுப்பும் போட்டு அவர்கள் போர்த்தியிருக்கும் வெள்ளைப் போர்வைக்குப் 'பூத்துக்குளி' என்று பெயர். ஆண், பெண் இருவரும் போர்த்துவார்கள். இறந்தவரைச் சுற்றுவதும் அதில்தான். துணியை அவர்கள் நெய்வதில்லை, வெளியில் வாங்குகிறார்கள். துணியில் பென்சிலால் வரைவது கிடையாது, வளையம் மாட்டுவதும் கிடையாது. பாவு இழையையும் ஊடை இழையையும் ஒவ்வொன்றாக எண்ணி, ஊசியைக் கோத்துக்கொண்டே போகிறார்கள். தைப்பது துணியின் பின்பக்கத்தில். நூலை இறுக்கி இழுக்காமல் சின்னதாகத் தளர விடுவதால் தையல் மேடாக எழும்பி நிற்கும். நாம் 'உள்பக்கம்' என்று நினைக்கும் அந்தச் சொரசொரப்பான பக்கம்தான் அவர்களுக்கு நல்ல பக்கம். எருமைக் கொம்பு, முயல் காது, பூ என்று வடிவங்கள் எல்லாம் கணக்காகவே மனதில் இருக்கின்றன. ஒரு இழை தப்பினால் வரிசை முழுக்கக் கோணிவிடும்.

நம்மில் ஒருவர் சின்னத் துண்டு ஒன்றைத் தொட்டுப் பார்த்து, "இம்புட்டுக்கா இந்த விலை?" என்றார். அந்த அம்மா கோபப்படவில்லை. எத்தனை நாள் ஆனது, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கண் தாங்கும் என்று விரல் விட்டுச் சொன்னார். இழையை எண்ணுகிற கை நாளையும் எண்ணி வைத்திருந்தது.

இறங்கி வரும்போது வேனில் நோட்டை எடுத்தோம். விற்ற போர்வைக்கு அடித்துணி 220 ரூபாய், நூல் 90 ரூபாய், ஆக 310. சேலை பழசு, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. தைத்தது எத்தனை மணி நேரம்? "ராத்திரி சமையல் முடிச்சு தெச்சது, அதையெல்லாம் யாரு கணக்குப் பாத்தா?" என்றார். விடாமல் கேட்டதில் 38 மணி நேரம் வந்தது. 650இல் 310 போனால் மிச்சம் 340 ரூபாய். அதை 38 மணிக்குப் பிரித்தால் மணிக்கு ஒன்பது ரூபாய்கூட இல்லை. ஆறு மணி நேரம் களை எடுத்தால் 300 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள், அது மணிக்கு 50. அந்தக் கணக்கில் கூலி 1900, பொருள் 310, பஸ் செலவு மாதிரி சில்லறைக்கு 60. போர்வை 2270 ரூபாய்க்குப் போயிருக்க வேண்டும். வேனில் யாரும் பேசவில்லை. போர்வையை விற்றுவிட்டு வந்தவர் அன்று இரவு பக்கத்தில் இருந்தவரின் போர்வையில் பாதியைப் போர்த்திக்கொண்டு தூங்கினார். விலை போட்டது நான் என்பதால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

"மேடம், 2270 சொன்னா யாரு வாங்குவா?" என்ற கேள்வி அப்புறம் எல்லாக் கூட்டத்திலும் வருகிறது. நியாயமான கேள்வி. சுற்றுலா வருபவர் தூக்கிக்கொண்டு போகிற பையில் பெரிய போர்வைக்கு இடம் இருக்காது. அதனால் அங்கே விற்க ஒன்பது, பத்து மணி நேரத்தில் முடிகிற குழந்தை விரிப்பு, தலையணை உறை போதும் என்பது என் எண்ணம். பெரிய போர்வையை ஆர்டர் வந்தால் மட்டும், பாதி முன்பணம் வாங்கிக்கொண்டு தைக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை கட்டுங்கள்: குழுவின் பெயர், எத்தனை சேலை, எத்தனை மணி நேரம். மணியைப் படித்தவர்கள் பேரம் பேசக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள்.

இன்னொன்று. "அக்கா, அந்த சிவப்பு கறுப்பு டிசைனை நம்ம போர்வையில போட்டா நல்லா விக்குமே" என்று இரண்டு பேர் கேட்டார்கள். வேண்டாம். தோடர் எம்ப்ராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சொல்லி நாம் விற்றால் சட்டப்படி தப்பு. சட்டம் கிடக்கட்டும், அச்சடித்த போலித் துணி வந்து கைவேலைக்காரர் விலையைக் கெடுக்கிறது என்று நாமே புலம்புகிறோம், அதை நாம் இன்னொரு பெண்ணுக்குச் செய்யலாமா? நம் போர்வைக்கு நம் சேலைக் கரையே போதும்.

அடுத்த பயணம் கேட்டிருக்கும் குழுக்களுக்கு: ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதத்தில் இ-பாஸ் முறை வந்தது. கிளம்பும் முன் விசாரித்து எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பாட்டில், கவர் கொண்டு போகக் கூடாது, எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மே மாத மலர்க் கண்காட்சியின்போது கூட்டத்தில் நிற்கவே இடம் இருக்காது, நம் ஆட்களுக்கு ஜனவரி, பிப்ரவரிதான் சரி.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வீட்டில் இருக்கும் போர்வையை ஆளுக்கொன்று கொண்டு வாருங்கள், பழசானாலும் பரவாயில்லை. கூடவே ஒரு இருபது பக்க நோட்டும். 650க்கு விற்ற சகோதரி இப்போது அடுத்ததைத் தைக்கிறார். அவர் நோட்டில் நேற்று வரை 14 மணி நேரம் ஏறியிருக்கிறது.