25 லட்சம் ரூபாய், 100 நாள் கப்பல் படிப்பு... மொரீஷியஸுக்கு மட்டும் ஏன் ஒரே நாள்?

கொச்சியில் 5, 6 நாள். கேப் டவுனில் 5, 6 நாள். நடுவில் வரும் மொரீஷியஸில்? காலையில் இறங்கினால் இரவுக்குள் கப்பலில் ஏறிவிட வேண்டும்.

‘செமஸ்டர் அட் சீ’ என்ற அமெரிக்கக் கப்பல் படிப்பின் பயண அட்டவணைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் இது கண்ணில் படும். பெரிய நாடுகளுக்கு நாள் கணக்கில் நேரம் ஒதுக்குகிறார்கள். தீவுகளுக்குப் பெரும்பாலும் மணிக் கணக்குதான். ஜப்பானும் தீவுதானே என்று கேட்கலாம். நியாயம்தான். இங்கே பேசுவது ஹவாய், மொரீஷியஸ் மாதிரி நடுக்கடலில் தனியாகக் கிடக்கும் தீவுகளைப் பற்றி.

இவ்வளவு செலவு செய்து உலகம் சுற்றப் போகும் மாணவருக்கு அந்த ஒரு நாளில் என்னதான் கிடைக்கும்? அதிலும் மொரீஷியஸ் என்று வரும்போது, இந்தக் கேள்வியில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அது என்ன கப்பல் படிப்பு?

கல்லூரி ஒரு செமஸ்டருக்குக் கப்பலில் நடக்கும், அவ்வளவுதான் விஷயம். 1963-ல் ‘யுனிவர்சிட்டி ஆஃப் தி செவன் சீஸ்’ என்ற பெயரில் முதல் பயணம் கிளம்பியது. பெயரும் கப்பலும் பொறுப்பேற்ற பல்கலைக்கழகமும் மாறி மாறி, 2016-லிருந்து கொலராடோ ஸ்டேட் யுனிவர்சிட்டி கிரெடிட் கொடுக்கிறது. நடுவில் ஹாங்காங் கப்பல் அதிபர் சி.ஒய்.டங், ‘குயின் எலிசபெத்’ என்ற பிரம்மாண்டப் பயணிகள் கப்பலையே வாங்கி மிதக்கும் பல்கலைக்கழகமாக மாற்ற முயன்றார். 1972 ஜனவரியில் ஹாங்காங் துறைமுகத்திலேயே அது தீப்பிடித்துச் சாய்ந்தது. அது தனிக் கதை.

இப்போது ஓடுவது ‘வேர்ல்ட் ஒடிஸி’. 1998-ல் ‘டாய்ச்லாண்ட்’ என்ற பெயரில் கட்டப்பட்ட ஜெர்மன் சொகுசுக் கப்பல், 175 மீட்டர் நீளம். 2015 முதல் மாணவர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. ஒரு பயணம் 100 நாளைத் தாண்டும், 10 நாடுகளுக்குக் குறையாது.

கடலில் இருக்கும் நாளெல்லாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை லீவு எல்லாம் கிடையாது. துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் வகுப்பு இல்லை. ஆனால் எடுத்த ஒவ்வொரு பாடத்துக்கும் ஏதாவது ஒரு ஊரில் ஒரு நாள் ஆசிரியரோடு களப்பயணம் போயே ஆக வேண்டும்.

எந்த நாட்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். கட்டணம்தான் மலைக்க வைக்கும். அறையைப் பொறுத்து மாறினாலும் ஒரு செமஸ்டருக்கு 30 ஆயிரம் டாலர் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் 25 லட்சத்தைத் தாண்டும். விமான டிக்கெட், விசா செலவெல்லாம் தனி. இந்திய பாஸ்போர்ட்டுக்கு மொரீஷியஸில் முன்கூட்டியே விசா தேவையில்லை என்பது சின்ன ஆறுதல். தென்னாப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கட்டாயம் வேண்டும். கிரெடிட்டைச் சொந்தக் கல்லூரி ஏற்குமா என்பதைக் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஏன் ஒரே நாள்?

காரணம் தூரம். 2020-ல் கோவிட் வரும்வரை, ஜனவரியில் கிளம்பும் பயணங்கள் பெரும்பாலும் பசிபிக்கைக் கடந்து ஆசியாவுக்கு வந்தன. அமெரிக்க மேற்குக் கரையிலிருந்து ஹவாய்க்குச் சுமார் 4,000 கிலோமீட்டர். அங்கிருந்து ஜப்பானுக்கு இன்னும் 6,000 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் வேறு கடையே கிடையாது. இந்தப் பக்கம் கொச்சியிலிருந்து மொரீஷியஸ் கிட்டத்தட்ட 3,900 கிலோமீட்டர். அங்கிருந்து கேப் டவுனுக்கு ஏறக்குறைய அதே தூரம்.

இவ்வளவு தூரம் போகும் கப்பலுக்கு எண்ணெய், தண்ணீர், காய்கறி எல்லாம் வேண்டும். கப்பல்காரர்களின் கணக்கில் தீவு என்பது முதலில் ஒரு பெட்ரோல் பங்க். நிற்கிற நேரத்தில் மாணவர்கள் இறங்கிச் சுற்றிவிட்டு வருகிறார்கள். கோவிடுக்குப் பிறகு கிளம்பும் ஊரும் வழித்தடமும் பயணத்துக்குப் பயணம் மாறுகின்றன. கடல் தூரம் மாறவில்லை.

சில நேரம் தீவு அவசர வாசலாகவும் ஆகிவிடும். 2005 ஜனவரியில், வேன்கூவரிலிருந்து கொரியா நோக்கி சுமார் 700 மாணவர்களோடு போன ‘எக்ஸ்ப்ளோரர்’ கப்பலை வட பசிபிக்கில் 50 அடி அலை ஒன்று தாக்கியது. மாலுமி அறையின் கண்ணாடி உடைந்து தண்ணீர் உள்ளே புகுந்தது, என்ஜின்கள் நின்றன. எப்படியோ சமாளித்து ஹொனலூலு போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பயணத் திட்டத்தில் ஹவாய் இல்லவே இல்லை.

ஹிலோவில் நின்ற கடிகாரம்

ஹவாயில் கப்பல் சில வருடம் ஹொனலூலுவில் நிற்கும், சில வருடம் ஹிலோவில். ஹிலோ சின்ன ஊர். மாணவர்களில் பாதிப் பேர் எரிமலை பார்க்கப் போய்விடுவார்கள். போகட்டும், கிலாவேயா எரிமலை பார்க்க வேண்டியதுதான்.

ஆனால் ஊருக்குள்ளேயே கடற்கரை ஓரமாக ஒரு பச்சைக் கடிகாரம் நிற்கிறது. 1 மணி 4 நிமிடத்திலேயே பல வருடமாக நிற்கிறது. 1960 மே மாதம் சிலி நாட்டில் 9.5 அளவில் நிலநடுக்கம். அதில் கிளம்பிய சுனாமி சுமார் 15 மணி நேரம் பசிபிக்கைக் கடந்து, நள்ளிரவு தாண்டி ஹிலோவுக்குள் புகுந்தது. 61 பேர் இறந்தார்கள். 1946-ல் வந்த சுனாமியில் அடிபட்டு மீண்டிருந்த ஊர் அது. இந்த முறை கடலோரக் குடியிருப்பைத் திரும்பக் கட்டவில்லை. இன்று அந்த இடம் பூங்கா. பிக்னிக் போகிற புல்வெளியாகத்தான் வெளியூர்க்காரர் கண்ணுக்குத் தெரியும்.

1946 பாதிப்புக்குப் பிறகு ஹவாயில் தொடங்கப்பட்டதுதான் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா நிலநடுக்கத்தை அந்த மையம் பதிவு செய்தது. ஆனால் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்குத் தகவலைக் கடத்த அப்போது எந்த ஏற்பாடும் இல்லை. நாகப்பட்டினத்தில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். ஹைதராபாத்தில் நம் எச்சரிக்கை மையம் 2007-ல்தான் வந்தது.

ஹவாயைத் தாண்டி மேற்கே போனால் சர்வதேசத் தேதிக்கோடு. கடக்கும்போது காலண்டரில் ஒரு நாள் காணாமல் போகும். அன்று யாருக்காவது பிறந்தநாள் என்றால் பாவம்தான்.

கொச்சிக்குப் பிறகு...

2000-களில் இந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கே வந்துகொண்டிருந்தது. பிறகு இந்திய நிறுத்தம் கொச்சிக்கு மாறியது. கொச்சியிலிருந்து தென்மேற்கே சுமார் ஒரு வாரம். வழியில் பூமத்திய ரேகை வரும். அன்று ‘நெப்டியூன் டே’ என்று பழைய மாலுமிச் சடங்கைக் கொண்டாடி, மாணவிகள் உட்படப் பலர் மொட்டை போட்டுக்கொள்வார்கள். மொரீஷியஸின் போர்ட் லூயியில் இறங்கும்போது பாதித் தலைகள் பளபளவென்று இருக்கும்.

இறங்கியதும்? மாணவர்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருவது கடற்கரை, கேட்டமரான் படகு, ஸ்நார்க்கெலிங். தப்பில்லை. ஒரு வாரம் கப்பலுக்குள் அடைந்து கிடந்த 20 வயதுக்காரர்களை மியூசியத்துக்குப் போ என்றால் யார் கேட்பார்கள்? ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இந்தியாவிலிருந்து கிளம்பி மொரீஷியஸுக்குக் கடல்வழியாகப் போவது இன்று யாருக்குமே வாய்க்காத அனுபவம். அந்த வழியில் முன்னால் போனவர்கள் யார் என்று தெரியாமலே திரும்புவதுதான் உறுத்துகிறது.

1834 நவம்பர் 2 அன்று ‘அட்லஸ்’ என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து 36 பேர் போர்ட் லூயியில் வந்து இறங்கினார்கள். பிரிட்டிஷ் அரசு அடிமை முறையை ஒழிக்கிறது, கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். ஒப்பந்தக் கூலி என்ற ‘பரிசோதனை’ அங்கேதான் தொடங்கியது. 1920 வரை கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் துறைமுகங்களிலிருந்து அந்தத் தீவில் இறங்கினார்கள். பாய்மரக் கப்பலில் வாரக் கணக்கில் பயணம். சிலர் அங்கிருந்து ரீயூனியன், கரீபியன் என்று இன்னும் தள்ளி அனுப்பப்பட்டார்கள். தமிழர்கள் அதற்கும் முன்பே அங்கே உண்டு. 1730-களில் பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார், தச்சர்களை வரவழைத்து போர்ட் லூயியைக் கட்டினார்.

அவர்கள் வந்து இறங்கிய இடம் ‘ஆப்ரவாசி காட்’. துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது. 1849-ல் கட்டிய குடியேற்றக் கூடத்தின் மிச்சம், உள்ளே ஏறிப்போன 16 கல்படிகள். 2006-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. பெரிய கோட்டை மாதிரி எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், பார்க்க ஒரு மணி நேரம் போதும். ஆனால் அந்தப் படியில் ஏறியவர்களுக்கு உள்ளே ஒரு எண் கொடுத்தார்கள். பெயர், ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் பதிவேட்டில் ஏறியது. பின்னாளில் போட்டோவும் எடுத்தார்கள். அந்தப் பதிவேடுகள் இப்போது மோகா ஊரில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் இருக்கின்றன. முன்னோரைத் தேடும் குடும்பங்கள் இன்றும் அங்கே போகின்றன.

பாக்கெட்டில் இருக்கும் பாடம்

நேரமே இல்லையா? டாக்ஸிக்காரர் கொடுக்கும் சில்லறை நோட்டைப் புரட்டிப் பார்த்தாலே போதும். மொரீஷியஸ் ரூபாயில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ் இருக்கும், அதற்குப் பிறகு இந்தி. 1998-ல் வந்த புது நோட்டில் இந்த வரிசை மாறி, தமிழ் கீழே போனது. தமிழ் வம்சாவளியினர் கொதித்துப்போய்ப் போராட, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தார்கள். அவர்களில் பலர் இன்று வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. இருந்தும் எழுத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

போர்ட் லூயி மார்க்கெட்டில் ‘காத்தோ பிமான்’ என்று ஒன்று விற்பார்கள். பெயர் பிரெஞ்சு, வாயில் போட்டால் நம்ம பருப்பு வடை. கைலாசோன் பகுதியில் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறையே உண்டு. மார்க்கெட், படித்துறை, கோயில் மூன்றும் அரை நாளில் முடிந்துவிடும். மிச்ச அரை நாளுக்குக் கடற்கரை.

இன்னொன்றும் மாணவர்கள் கவனிக்கலாம். டச்சு, பிரெஞ்சு, பிரிட்டிஷ் என்று அடுத்தடுத்து இந்தத் தீவைப் பிடித்ததற்குக் காரணமும் இதே பெட்ரோல் பங்க் கணக்குதான். ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் நின்று போக இடம் தேவைப்பட்டது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் அந்த மவுசு குறைந்தது. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்க, பல சரக்குக் கப்பல்கள் மறுபடி ஆப்பிரிக்காவைச் சுற்றின. போர்ட் லூயியில் எண்ணெய் நிரப்பும் வியாபாரமும் சூடுபிடித்தது.

லேட்டானால்?

கப்பல் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஏறிவிட வேண்டும் என்பது வழக்கம். தாமதமாக வந்தால் ‘டாக் டைம்’ என்ற தண்டனை. சில நிமிடத் தாமதத்துக்கே அடுத்த துறைமுகத்தில் சில மணி நேரம் கப்பலை விட்டு இறங்க முடியாது. ரொம்பவே தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அடுத்த ஊருக்குச் சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான்.

ஒரு நாள்தானே என்ற அவசரத்தில் ஆபத்தும் உண்டு. 2012-ல் கரீபியன் தீவான டொமினிக்காவில் இறங்கிய ஒரு மாணவி, கடலில் இருந்தபோது படகு விபத்தில் இறந்தார். முன்பின் தெரியாத படகில் ஏறும் முன் லைசென்ஸ், லைஃப் ஜாக்கெட் இரண்டையும் கேட்டுவிடுங்கள். கேட்டதற்கு எரிச்சல் படுகிற படகுக்காரர் என்றால் அடுத்த படகைப் பாருங்கள்.

இருட்டியதும் போர்ட் லூயி விளக்குகள் பின்னால் போய்விடும். அடுத்த கரை தென்னாப்பிரிக்கா, இன்னும் கிட்டத்தட்ட ஒரு வாரம். மறுநாள் காலை வகுப்பு உண்டு.