உறைபனி இரவில் ஆட்டுக் கொட்டிலும் வீட்டுத் தோட்டமும்



நமது அறக்கட்டளையின் உதவியில் ஆடு வளர்க்கும் தாய்மார்களில் ஒருவர் சென்ற வாரம் அலுவலகத்துக்கு வந்து ஒரு கேள்வி கேட்டார். "ராத்திரி கொட்டில்ல கரிச்சட்டி வெச்சு கதவைச் சாத்திட்டா குட்டிங்களுக்குக் கதகதப்பா இருக்குமா?" ஊட்டியில் பனி இறங்கத் தொடங்கிவிட்ட இந்த நாட்களில் இதே யோசனை இன்னும் பல வீடுகளில் இருக்கும். எனவே பதிலை எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறோம்.

வைக்கக் கூடாது. ஆட்டுக் கொட்டிலிலும் கூடாது, நாம் படுக்கும் அறையிலும் கூடாது.

மூடிய இடத்தில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூச்சோடு உள்ளே போய், இரத்தத்தில் பிராணவாயு அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வரும். தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. புகை அடங்கித் தணலாகிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நம்பித்தான் பலர் சட்டியை உள்ளே கொண்டு வருகிறார்கள். புகை நின்ற பிறகும் தணலிலிருந்து இந்த வாயு வந்துகொண்டேதான் இருக்கும். குளிருக்குக் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழாமல் போன செய்திகளை நம் மலையில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பனிக்குப் பயந்து குட்டிகளை வீட்டுக்குள் கொண்டுவந்து, ஜன்னல் இடுக்குகளில் துணி அடைத்து, நடுவில் கரிச்சட்டியும் வைத்தால், குட்டிகளோடு பிள்ளைகளின் உயிரையும் பணயம் வைக்கிறோம்.

அப்படியானால் ஆட்டுக்குக் குளிராதா? குளிரும். ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. வளர்ந்த ஆட்டின் உடல் வெப்பம் 102, 103 டிகிரி பாரன்ஹீட். அதன் வயிற்றுக்குள்ளேயே ஓர் அடுப்பு எரிகிறது. தின்ற காய்ந்த தழையும் புல்லும் அசைபோடும் வயிற்றில் நொதிக்கும்போது சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டை ஆட்டிடமிருந்து பறிப்பவை ஈரமும் வீசும் காற்றும்தான். காய்ந்த தரையில், காற்றுக்கு மறைவாக, வயிறு நிறையத் தின்று படுத்த ஆடு உறைபனி இரவையும் தாங்கும். நனைந்த தரையில் அரை வயிற்றோடு படுத்த ஆடு அவ்வளவு குளிரில்லாத இரவிலும் சளி பிடித்துப் படுத்துவிடும்.

ஆகவே முதலில் தரையைப் பாருங்கள். மண் தரையானால் காய்ந்த புல், சருகு, மரத்தூள் எதையாவது ஒரு சாண் உயரத்துக்குப் பரப்புங்கள். தினமும் நனைந்த பகுதியை அள்ளிவிட்டு அந்த இடத்தில் புதியதைப் போட வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வைக்கோல் விலை கூடுதல்தான். மரமிழைப்பவர்களிடம் மரத்தூள் மூட்டை கேட்டுப் பாருங்கள், குறைந்த விலைக்கே கிடைக்கும். பலகைப் பரண் போட்டிருப்பவர்களுக்கு வேலை பாதி. பரணுக்கு அடியில் காற்று புகுந்து ஆட்டின் அடிவயிற்றில் அடிக்காதபடி, காற்று வரும் பக்கத்தில் மட்டும் சாக்குப் படுதா தொங்கவிட்டால் போதும்.

அடுத்தது காற்றோட்டம். இங்கேதான் நம்மவர்களில் அதிகம் பேர் தவறுகிறார்கள். நான்கு பக்கமும் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டி, ஓர் ஓட்டைகூட இல்லாமல் அடைத்துவிடுகிறார்கள். ஆடுகள் விடும் மூச்சின் ஈரம் தகரக் கூரையின் உட்புறம் குளிர்ந்து, விடியற்காலையில் சொட்டுச் சொட்டாக அவற்றின் முதுகில் விழுகிறது. மூத்திரத்தின் காரநெடியும் வெளியேற வழியில்லாமல் நுரையீரலைப் புண்ணாக்குகிறது. நிமோனியா பிடிப்பது இப்படித்தான். ஆடு படுக்கும் உயரத்துக்குச் சுவர் அடைப்பாக இருக்கட்டும். கூரைக்குக் கீழே நான்கு விரல் இடைவெளி திறந்தே இருக்கட்டும். ஃபஜ்ருக்கு எழும்போது கொட்டிலுக்குள் போய், ஆட்டின் தலை உயரத்துக்குக் குந்தி ஒருமுறை மூச்சிழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் அடைப்பு அதிகம் என்று பொருள். தகரத்துக்கு உள்ளே பழைய சாக்கையோ மூங்கில் தட்டியையோ கட்டிவிட்டால் சொட்டுவதும் வெகுவாகக் குறையும்.

தீனி விஷயத்தில் நேரம் முக்கியம். காலைப் புல்லில் பனி வெள்ளையாகப் படிந்திருக்கும்போது ஆட்டை அவிழ்த்துவிடாதீர்கள். வெயில் ஏறிப் புல் உலர்ந்த பின் விடுங்கள். அதுவரை காய்ந்த தீவனம் கொடுங்கள். மாலையில், மஃரிபுக்கு முன்பாக, நாளின் பெரிய தீனியைக் காய்ந்த புல்லாகவோ தட்டையாகவோ கொடுத்தால், இரவு முழுவதும் அந்த உள் அடுப்பு எரியும். மார்க்கெட்டில் ஒதுக்கிய முட்டைக்கோஸ் இலை நம் ஊரில் எளிதாகக் கிடைக்கிறது என்பதால் அதையே கூடை கூடையாக இரவில் போடுகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் தண்ணீர்தான். வயிறும் உப்பும். பகலில் காய்ந்த தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்து போடலாம். பனியில் கருகிய உருளைக்கிழங்குச் செடி, பச்சை ஏறிய கிழங்கு, கிழங்கின் முளை ஆகியவற்றில் நஞ்சு உண்டு. வீணாகிறதே என்று அவற்றை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடவே கூடாது. குடிநீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். தொட்டியில் ஐஸ் போலக் கிடக்கும் தண்ணீரை ஆடு போதுமான அளவு குடிக்காது, தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். கட்டிவைத்த பிராணி தன் தீனியைத் தானே தேடிக்கொள்ள முடியாது.

இனி, எல்லாவற்றிலும் அவசரமான விஷயம், பனிக்கால இரவில் பிறக்கும் குட்டி. பெரிய ஆட்டுக்கு இருக்கும் உள் அடுப்பு இதற்கு இன்னும் மூளவில்லை. உடலெல்லாம் நனைந்த நிலையில் பிறக்கிறது. காய்ந்த துணியால் மூக்கு, வாய், காது, உடல் என உடனே நன்றாகத் துடைத்துவிடுங்கள். தாய் நக்குவதைத் தடுக்க வேண்டாம், அதுவும் சேர்ந்து நடக்கட்டும். தொப்புள் கொடியில் டிங்சர் அயோடின் தடவுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். 2 கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் நாளில் ஏறத்தாழ 200 மில்லி சீம்பால் தேவை. அதைச் சிறிது சிறிதாகப் பல தடவை குடிக்க வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தியும் சூடும் அதிலிருந்துதான் வருகின்றன.

குட்டி துவண்டு கிடந்தால் உங்கள் விரலை அதன் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். வாய் குளிர்ந்திருந்தால், தலையை நிமிர்த்த முடியாமல் இருந்தால், அப்போது பாலைப் புகட்டாதீர்கள். விழுங்கத் தெம்பில்லாத குட்டிக்கு ஊற்றும் பால் நுரையீரலுக்குள் போய்விடும். பாசத்தால் பால் ஊற்றிக் குட்டியைக் கொல்வது இப்படித்தான் நேர்கிறது. முதலில் சூடேற்றுங்கள். காய்ந்த கம்பளியில் சுற்றி, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் பொதிந்து பக்கத்தில் வைக்கலாம். மடியில் வைத்து உங்கள் சால்வைக்குள் அணைத்துக்கொண்டாலும் சரிதான். வாய் சூடாகி, விரலைச் சப்பத் தொடங்கிய பிறகு பால் கொடுங்கள். தேறியதும் தாமதிக்காமல் தாயிடம் விட்டுவிடுங்கள். இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் வாடை மாறி, தாய் அதைத் தன் குட்டி என்று ஏற்காமல் போகலாம்.

நம் உதவி பெறும் வீடுகளில் ஓர் ஆடு என்பது ஒரு சேமிப்புக் கணக்கு. பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் அதில் அடங்கியிருக்கின்றன. ஹஜ் பெருநாளுக்குக் கொடுக்க வளர்க்கும் கிடாய் இந்த இரண்டு மாதத்தில் மெலிந்துவிட்டால், பிறகு எவ்வளவு தீனி போட்டாலும் உரிய நேரத்துக்குத் தேறுவது கடினம். மெலிந்து நோயுற்ற பிராணி குர்பானிக்கும் ஆகாது. இருமல், மூக்கொழுகல், தீனி எடுக்காமை இவற்றில் எது தெரிந்தாலும் அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். ஆட்டைத் தூக்கிச் செல்ல முடியாதவர்கள் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

கோழி வளர்ப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சில வார்த்தைகள். கூண்டு காய்ந்திருக்க வேண்டும், மேலே காற்று போக வழி இருக்க வேண்டும் என்பது இங்கும் அதேதான். உட்காரும் கொம்பு சற்று அகலமாக இருந்தால் கோழி தன் கால் விரல்களை இறகால் மூடிக்கொள்ளும். அந்தி நேரத்தில் ஒரு பிடி மக்காச்சோளம் கொடுங்கள். முட்டை குறைவதற்குக் குளிரைவிடப் பகல் சுருங்குவதே பெரிய காரணம், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். குஞ்சுகளுக்கு பல்பு போடுகிறவர்கள் அதைச் சாக்கும் வைக்கோலும் தொடாத உயரத்தில், கம்பியால் உறுதியாகக் கட்டுங்கள். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நெருக்கினால் சூடு போதவில்லை. ஓரங்களுக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு அதிகம்.

தோட்டத்துக்கு வருவோம். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஊரில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பனிக்காலம். முதலில் நீர்ப்பனி, பின்பு உறைபனி. எந்த இரவில் உறையும் என்பதை மாலையிலேயே ஓரளவு கணிக்கலாம். மேகம் பூமிக்குப் போர்வை மாதிரி. வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்து, இஷா நேரத்தில் நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்து, காற்றும் அசையாமல் இருந்தால் மண்ணின் சூடெல்லாம் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலவே பள்ளத்தை நோக்கி வழியும். காந்தல், தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்கள் வெள்ளையாகிவிடும் நாளில் மேட்டு வீடுகளில் பனி லேசாகவே இருப்பது இதனால்தான்.

கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பூண்டு, பாலக்கீரை, கொத்தமல்லி ஓரளவு தாங்கும். உருளைக்கிழங்கு, பீன்ஸ், தக்காளி, மிளகாய், மேரக்காய் தாங்காது. தாங்காதவற்றை அஸருக்குப் பின், மண்ணில் வெயில் சூடு மிச்சம் இருக்கும்போதே மூடிவிட வேண்டும். இரவு பத்து மணிக்குப் போய் மூடினால் போன சூடு திரும்பி வராது. நான்கு குச்சி நட்டு அதன் மேல் சாக்கோ பழைய படுக்கை விரிப்போ போடுங்கள். பிளாஸ்டிக் இலையைத் தொட்டால் தொட்ட இடமெல்லாம் கருகும். தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளை மிலார் செடிகளால் மறைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த முறை வீட்டுக்கும் பொருந்தும், செலவும் குறைவு. காலையில் வெயில் வந்ததும் மூடியை எடுத்துவிடுங்கள்.

தண்ணீரைப் பகலில் ஊற்றுங்கள். ஈர மண் பகல் சூட்டைப் பிடித்து வைத்து இரவில் மெல்ல விடும். மாலையில் இலையெல்லாம் நனைய ஊற்றுவது தவறு. இரவில் மூடத் தவறிவிட்டால், சூரியன் படுவதற்கு முன் இலைகள் மீது தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுங்கள். உறைந்த இலையில் வெயில் சுளீரென்று அடிக்கும்போதுதான் கருகல் அதிகமாகிறது. கருகிய கிளைகளை உடனே வெட்ட வேண்டாம். அவை உள்ளே இருக்கும் துளிருக்கு மறைப்பாக நிற்கட்டும், பனிக்காலம் முடிந்த பிறகு வெட்டலாம். யூரியாவையும் இப்போது போடாதீர்கள். அது கிளப்பும் இளந்துளிர்தான் முதலில் கருகும்.

சாக்குப் பைகள் வாங்க முடியாத குடும்பங்களுக்கு, ஆடு வளர்ப்பவர்களுக்கு முதலிடம் கொடுத்து, இன்ஷா அல்லாஹ் வரும் ஜும்ஆ தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் சாக்குகள் வழங்குகிறோம். சினை ஆடு வைத்திருப்பவர்கள் ஈனும் நாள் உத்தேசமாக எப்போது என்பதை அப்போதே சொல்லிவிட்டால், இரவில் துணைக்கு வர நம் இளைஞர்கள் இருவரை ஏற்பாடு செய்து வைக்கிறோம். கரிச்சட்டிக்குப் பதிலாகக் கம்பளித் துண்டு தேவைப்படும் வீடுகளும் தயங்காமல் பெயர் கொடுங்கள்.